ஆற்றின் பெயரில் ஒரு வழக்கு

ஜவ்வாது மலையில் விழும் மழையைத் திரட்டிக்கொண்டு இறங்கும் உத்திரகாவேரி, ஒடுகத்தூரைக் கடந்து, அகரம்சேரிப் பக்கம் பாலாற்றில் சேர்கிறது. மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மூன்று மலை ஊராட்சிகள். கீழே பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தோலால் வளர்ந்த ஊர்கள். நடுவில், வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஒடுகத்தூர். மலையின் காடும் சமவெளியின் வேளாண்மையும் தோல் தொழிலும் ஒரே நீரைத்தான் நம்பியிருக்கின்றன. ஆறுகளுக்குச் சட்ட உரிமை தரலாமா என்று நியூசிலாந்திலும் ஈக்வடாரிலும் வங்கதேசத்திலும் நடந்த விவாதத்தை வேலூர் மாவட்டத்தில் நின்று பார்க்கும்போது அதன் பொருள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தரலாம், தரத்தான் வேண்டும். ஆனால் அந்த உரிமையை ஆற்றின் சார்பில் யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது ஆற்றைக் காக்குமா, காகிதத்தில் கிடக்குமா என்பது முடிவாகும். ஆற்றை அறிந்தவர்கள், அதன் அருகில் வாழ்ந்து அதைப் பார்த்துக்கொண்டவர்கள் காப்பாளராக இல்லாத இடத்தில் இந்தச் சட்டம் நிற்கவில்லை. இதற்கு உலகிலும் சான்று உண்டு, பாலாற்றிலும் சான்று உண்டு.

பாலாற்றின் சான்றை முதலில் பார்ப்போம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்சநீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடுத்தது. தோல் ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் பாலாற்றிலும் ஓடைகளிலும் வயல்களிலும் விடப்படுகிறது, கிணறுகள் கெட்டுவிட்டன, குடிக்கவும் நீரில்லை என்பது முறையீடு. தோல் ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்திருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்துக்கு முழு நிரூபணம் கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. இன்று இந்தியாவில் சுற்றுச்சூழல் வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரும் அதை எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை. நம் ஊர்ப் பெயரில் வழங்கும் தீர்ப்பு அது. சென்னை உயர்நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனத் தனி அமர்வு வேண்டும் என்று சொன்னதும் அதுவே.

அந்தத் தீர்ப்பு இழப்பீட்டை இரண்டு தலைப்புகளில் கணக்கிடச் சொன்னது. ஒன்று, பாதிக்கப்பட்ட மனிதர்களுக்குத் தர வேண்டியது. மற்றொன்று, கெட்டுப்போன சூழலை மீட்க ஆகும் செலவு. இதற்கென அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில், 186 கிராமங்களைச் சேர்ந்த 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத தொகை. அதுவும் இழுபறிதான். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, விடுபட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு தரச் சொல்லி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து, மாசுபட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் வேலையைப் பார்க்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள் கடந்திருந்தன. மனிதர்களுக்கான தலைப்பு தள்ளாடியாவது நகர்ந்தது. அவர்களுக்குப் பெயர் இருந்தது, பட்டா எண் இருந்தது, மனுப் போட ஆள் இருந்தது. சூழலை மீட்கும் தலைப்புக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. அந்தத் தலைப்பில் பணம் வராவிட்டால் நட்டம் பாலாற்றுக்கு. பாலாறோ அந்த வழக்கில் கட்சிக்காரராக இல்லை. சம்பந்தப்பட்ட ஆவணங்கள் முழுக்க அதன் பெயர் இருக்கிறது, அது பேச வேண்டிய இடத்தில் மட்டும் வெற்றிடம்.

ஆறு எப்படி நீதிமன்றத்தில் நிற்கும் என்று கேட்பவர்கள், நம் சட்டத்தில் ஏற்கெனவே யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கம்பெனி நிற்கிறது. ஊராட்சி நிற்கிறது. கோயில் மூலவர் நிற்கிறார். தெய்வத் திருமேனிக்குச் சட்ட ஆளுமை உண்டு, அதன் விருப்பத்தைக் காப்பாளர் வழியே நீதிமன்றம் கேட்க வேண்டும் என்று 1925-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. இதில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான சான்று ஒன்று உண்டு. தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற ஊரின் பாழடைந்த சிவன் கோயில் வளாகத்தில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், களவாடப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். அவரை மீட்கும் வழக்கில், பூசையின்றிக் கிடந்த அந்தக் கோயிலே உரிமை கோரும் கட்சிகளில் ஒன்றாக இருந்தது. இந்தியச் சட்டப்படி கோயில் ஒரு சட்ட ஆள் என்றால் இங்கிலாந்து நீதிமன்றமும் அதை மதிக்கலாம் என்று 1991-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடராசர் திரும்பி வந்தார். கல்லும் செங்கல்லும் சரிந்து கிடந்த ஒரு கோயிலுக்கு லண்டனில் நியாயம் கிடைக்கும் என்றால், மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றுக்கு வேலூர் நீதிமன்றத்தில் இடம் கொடுப்பது சட்ட அறிவுக்கு எட்டாத காரியம் அன்று. கோயிலுக்குத் தர்மகர்த்தா இருப்பதுபோல ஆற்றுக்கு ஒரு காப்பாளர் வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் இருக்கிறது.

2017 மார்ச் 20 அன்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையும் யமுனையும் சட்ட ஆளுமை உடையவை என்று தீர்ப்பளித்தது. நமாமி கங்கே திட்ட இயக்குநர், மாநிலத் தலைமைச் செயலாளர், அரசுத் தலைமை வழக்கறிஞர் ஆகியோரைக் காப்பாளர்களாக நியமித்தது. கங்கையில் சாக்கடை கலப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டிய அரசே கங்கையின் பெற்றோர் ஆகிவிட்டது. தன்மீது தானே வழக்குப் போடும் நிலையை எந்த அரசும் விரும்பாது. உத்தராகண்ட் அரசே உச்சநீதிமன்றம் போனது. வெள்ளத்தில் யாராவது இறந்தால் ஆற்றின் சார்பில் தலைமைச் செயலாளர் இழப்பீடு தர வேண்டுமா, உத்தராகண்டில் இருக்கும் அதிகாரி மற்ற மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு எப்படிக் காப்பாளர் ஆவார் என்ற கேள்விகளை எழுப்பியது. அதே ஆண்டு ஜூலையில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட தீர்ப்புதான் அது. கங்கைக் கரையில் வலை வீசுபவர், ஓடம் தள்ளுபவர், ஆற்றுப்படுகையில் வெள்ளரி போடுபவர் யாரும் அதில் இல்லை.

அதே 2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுயி ஆற்றைச் சட்ட ஆளாக அறிவித்தது. அங்கே பயணம் நேர்மாறான திசையில் நடந்தது. ஆற்றங்கரை மாவோரி மக்கள் 1870-கள் தொடங்கி மனுக்கள் கொடுத்து, இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் வழக்காடி, இறுதியில் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டதன் விளைவே அந்தச் சட்டம். மலையிலிருந்து கடல்வரை ஆறு ஒரே உயிர், அதைத் துண்டுபோட்டு நீர் இவருக்கு, படுகை அவருக்கு என்று பிரிக்க முடியாது என்ற அவர்களுடைய அறிவே சட்டத்தின் அடிப்படையாயிற்று. காப்பாளர் இருவர்: ஒருவரை அரசு நியமிக்கிறது, மற்றவரை ஆற்றோடு தொடர்புடைய மாவோரி குலங்கள் நியமிக்கின்றன. உள்ளாட்சிகள், மின் உற்பத்தியாளர், சுற்றுலாத் துறையினர் முதலியோர் அமர்ந்து பேசும் குழு ஒன்றும் உண்டு. ஆற்றின் நலத்துக்கென 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி ஒதுக்கினார்கள். குறையே இல்லை என்று சொல்ல முடியாது. மின் திட்டத்துக்காக ஆற்றின் தலைப்பகுதி நீரைத் திருப்பிவிடுவது நின்றுவிடவில்லை. ஆனாலும் இனி ஆற்றைத் தொடும் முடிவு எதையும் ஆற்றின் பேச்சைக் கேட்காமல் எடுக்க இயலாது. உத்தராகண்டில் நீதிபதிகள் உரிமையை மேலிருந்து இறக்கினார்கள், அது தரையைத் தொடவில்லை. வாங்கனுயியில் தரையில் இருந்தவர்கள் அதை மேலே தூக்கி வைத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு தீர்ப்பு உண்டு, அது போதிய அளவு பேசப்படவில்லை. மேகமலை வனப்பகுதியில் அரசு நிலத்துக்குப் பட்டா வழங்கிய விவகாரத்தில் ஓர் அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்கை 2022 ஏப்ரலில் விசாரித்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி எஸ்.ஸ்ரீமதி, இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உடைய சட்ட ஆளாக அறிவித்தார். மத்திய, மாநில அரசுகள் அதைக் காக்க வேண்டும் என்றார். அதாவது, பாலாற்றுக்கும் உத்திரகாவேரிக்கும் நின்று பேசக் கால் வைக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. குறை, உத்தராகண்டில் இருந்த அதே குறைதான். காப்பாளர் அரசு. பேர் சொல்லக்கூடிய ஆறு ஒன்று, பேர் சொல்லக்கூடிய மனிதர்கள் சிலர் என்று அது இறங்கி வரவில்லை.

அப்படியானால் இங்கே ஆற்றை அறிந்தவர்கள் யார்? பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் காட்சி தரும் ஆறு. நீர் மணலுக்கடியில் ஓடுகிறது. இதைத் தெரிந்த கரையோர உழவர்கள் படுகையில் ஊற்றுக்கால் வெட்டினார்கள். மணலுக்கடியில் கசியும் நீரை மெல்லிய சரிவில் கால்வாயாக வழிநடத்தி, மின்சாரமோ எஞ்சினோ இல்லாமல் ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோன ஏற்பாடு அது. வெள்ளம் வந்தால் மணல் மூடும். ஊர் கூடித் தூர் எடுக்கும். எவ்வளவு ஆழம் வெட்டினால் பக்கத்து ஊரின் ஊற்று வற்றிவிடும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. மணல் அளவுக்கு மீறி அள்ளப்பட்டதும், கரையெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியதும், அந்தக் கணக்கைக் காலாவதியாக்கின. இதே படுகையில் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்திலிருந்து நிற்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரிக்கென்று தனி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. நீரை மேற்பார்ப்பதற்கென ஊரார் தேர்ந்தெடுத்த காப்பாளர் குழு என்பது நமக்கு அந்நிய இறக்குமதி அல்ல.

மலையில் உள்ள அறிவு வேறு வகை. ஜவ்வாது மலை மலையாளி மக்கள் சாமை விதைத்து, கடுக்காயும் தேனும் புளியும் சேகரித்து வாழ்ந்தவர்கள். கடுக்காய் என்றதும் தோல் ஞாபகம் வர வேண்டும். குரோமியம் வருமுன் வட ஆர்க்காட்டுத் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் பதமானது. அந்தத் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் தோல்பொருளையும் அனுப்பச் சொன்னது. நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் ஊருக்கு வேலையும் வந்தன. அதோடு விரைவாகப் பதப்படுத்தும் குரோமியமும் பெரிய அளவில் வந்தது. மலைக்கும் ஆலைக்கும் இருந்த பழைய கொடுக்கல் வாங்கல் இற்றது. காடு அழிந்தால் பட்டை கிடைக்காது என்ற கவலை ஆலைக்கு இல்லாமற்போனது. பழைய முறைக்கு அப்படியே திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை. பட்டைப் பதனீட்டின் கழிவும் ஆற்றின் உயிர்க்காற்றைக் குடிக்கும், எளிதில் சிதையாது. சொல்ல வருவது, காட்டையும் ஆற்றையும் தொழிலையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த மனிதர்கள் இந்த மண்டலத்தில் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்பதே. இதே ஜவ்வாது மலை நீரில் பிழைக்கும் நாகநதியில், நூறுநாள் வேலைத் திட்டப் பெண்கள் ஓடைகளின் குறுக்கே கல்தடுப்பு வைத்தும் ஆற்றுப்படுகையில் ஊறல் கிணறுகள் இறக்கியும் மழைநீரை மண்ணுக்குள் செலுத்தியிருக்கிறார்கள். பொறியாளரின் வரைபடமும் செயற்கைக்கோள் படமும் அங்கே உதவின. எந்த ஓடை எந்த மழைக்குப் புரளும் என்பதை ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழங்குடி அறிவு, ஊர் அறிவு என்று உயர்த்திப் பிடிப்பது, பழைய சமூகத்தின் அநீதியையும் சேர்த்து உயர்த்துவது ஆகாதா? ஆகும், கண்ணை மூடிக்கொண்டு செய்தால். மடை திறந்து மூடி, வயல்வாரியாக நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் மக்கள். ஏரியின் நாடி அவர்கள் விரலில் இருந்தது. ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது அரிது. 1858-ல் சென்னை மாகாணம், ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியபோது அந்தச் சுமை யார் முதுகில் விழுந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஆகவே உள்ளூர் அறிவை மதிப்பது என்றால் அந்த அறிவைச் சுமந்தவர்களுக்கு இருக்கை தருவது என்று பொருள். பழைய பெரியதனக்காரரை மறுபடி நாற்காலியில் அமர்த்துவது அதில் சேராது. ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்குபவரும் ஆற்றை அறிந்தவரே. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து 10 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். ஆற்றுக்குக் காப்பாளர் குழு அமைந்தால் அதில் ஆலைத் தொழிலாளரின் குரலும் இருந்தாக வேண்டும்.

தொழிலை முன்வைக்கும் மறுப்புக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தோலை நம்பி இருக்கின்றன. காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் மாதச் சம்பளத்தில் எத்தனையோ பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆற்றுக்கு உரிமை கொடுத்தால் ஆலைக்குப் பூட்டு என்று அவர்களைப் பயமுறுத்துவது எளிது. உரிமை உள்ள இருவர் மோதும்போது நீதிமன்றம் இருவரையும் கேட்டு எடைபோடும். ஒருவருக்கு உரிமை இருப்பதால் மற்றவர் தானாக அழிந்துபோவதில்லை. இன்று நடப்பது அந்த எடைபோடல்கூட இல்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும். அந்த நீரும், அதில் கரையும் உப்பும் குரோமியமும் யார் கணக்கில் எழுதப்படுகின்றன? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவுக் குவியல், முதலாளி போய்விட்டாலும் மழைக்கு மழை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. சட்டத்தை மதித்துச் சுத்திகரிப்புக்குப் பணம் செலவிடும் ஆலைக்காரரை, இரவில் குழாயைத் திறந்துவிடும் ஆலைக்காரர் விலையில் தோற்கடிக்கிறார். ஆற்றின் சார்பில் உடனடியாகக் கேள்வி கேட்கும் காப்பாளர் ஒருவர் இருப்பது முதலாமவருக்கும் பாதுகாப்பு.

இருக்கும் சட்டமே போதும், நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதல் இருக்கிறதே என்பவர்களுக்குப் பாலாறே பதில். சட்டமும் வாரியமும் தீர்ப்பும் இருந்துதான் இவ்வளவும் நடந்தது. உத்தராகண்ட் அரசு கேட்ட வெள்ளக் கேள்விக்கு விடை தேடுவதும் கடினமல்ல. ஆற்றின் இயல்பான பெருக்குக்கு ஆறோ காப்பாளரோ இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சட்டத்தில் எழுதிவிட முடியும். 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்ட வெள்ளத்தில், ஆற்றின் தவறு எது, ஆற்றுப் புறம்போக்கில் கட்டடம் எழுப்ப விட்டவர்களின் தவறு எது என்று பிரித்துப் பார்க்க ஆற்றுக்கு ஒரு குரல் இருப்பது உதவும். மாநில எல்லைதான் மெய்யான முட்டுக்கட்டை. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என ஓடும் பாலாற்றுக்கு ஒரே காப்பாளர் குழு அமைய மூன்று அரசுகளும் ஒப்ப வேண்டும். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளின் நீர் குறித்த 1892 ஒப்பந்தத்தைப் பற்றியே இன்னும் வழக்காடுகிறவர்கள் இதற்கு எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அதனால்தான் உத்திரகாவேரியிலிருந்து தொடங்குவது அறிவு என்று தோன்றுகிறது. பிறப்பும் ஓட்டமும் பாலாற்றில் கலப்பதும் இதே மண்டலத்துக்குள். மாநிலத் தகராறு இல்லை. மலையில் பழங்குடி ஊராட்சிகள், கீழே உழவர் ஊராட்சிகள், நடுவே ஒடுகத்தூர்ப் பேரூராட்சி. 2006-ன் வன உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவில், நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்றும் அச்சட்டம் ஏற்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் உச்சநீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டபோது, 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி இல்லாததால் பழங்குடிக் கிராம சபைகளுக்கான தனிச்சட்டம் இங்கே செல்லாது. வன உரிமைப் பட்டாக்களும் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2016 வரை முடங்கிக் கிடந்தன. ஆகவே இங்கே கிராம சபைக்குக் கையில் இருக்கும் கருவிகள் குறைவு. இருப்பதைப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று இப்போது கிராம சபை கூடுகிறது. பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் பாலாம்பட்டும், கரையோர ஊராட்சிகளும் அன்று ஒரே வாசகத்தில் தீர்மானம் போடலாம்: உத்திரகாவேரி ஓடவும், தூய்மையாக இருக்கவும், தன் புறம்போக்கை வைத்துக்கொள்ளவும் உரிமை உடையது, அதன் காப்பாளர் குழுவில் மலையாளி மக்கள், நீர் பாய்ச்சும் உழவர், நிலமற்ற தொழிலாளர், பெண்கள் ஆகியோருக்கு இருக்கை உண்டு, அரசுக்கும் ஓர் இருக்கை உண்டு, பெரும்பான்மை இல்லை. 2022-ன் மதுரைக் கிளைத் தீர்ப்பையும் வன உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவையும் அந்தத் தீர்மானத்தோடு இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, அவர் ஏற்காவிட்டால் அதே தாளோடு உயர்நீதிமன்றம் போய், மனுதாரர் என்ற இடத்தில் உத்திரகாவேரி ஆறு என்று எழுதிக் கேட்கலாம்.